ஜன்னல் சட்டத் துளைக்குள் இலைச்சுருள்: இலைவெட்டித் தேனீயின் கூட்டை என்ன செய்வது?

மாடித்தோட்டம் (திருச்சி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு ஆண்டுகளாக ரோஜா, காகிதப்பூ, துவரை, கத்தரி ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். சென்ற மாதம் முதல் ரோஜா இலைகளின் ஓரங்கள், நாணயத்தை வைத்துக் கத்தரித்தது போல வட்டம் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. புழுவின் வேலை என்று எண்ணி ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தேன். புழுவும் இல்லை, அதன் எச்சமும் இல்லை. வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு முறை தெளித்தும் வெட்டுகள் நிற்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் காரணம் தெரிந்தது. வயிற்றில் வெளிறிய கோடுகள் கொண்ட கறுத்த தேனீ ஒன்று இலையின் ஓரத்தில் வந்து அமர்ந்து, சில நொடிகளில் ஒரு துண்டை வெட்டி, அதைக் கால்களுக்கிடையே சுருட்டிப் பிடித்தபடி பறந்தது. அது சென்ற திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி அறையின் பழைய மர ஜன்னல் சட்டத்தில், முன்பு போல்ட் இருந்து கழற்றப்பட்ட துளைக்குள் நுழைந்தது. அருகிலிருந்த இன்னொரு துளை ஏற்கெனவே பச்சை இலைகளால் அடைபட்டிருந்தது. அந்த இடத்தில் மரம் உளுத்திருந்ததால், நான் தொட்டபோது ஒரு சிம்பு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே சிறு சுருட்டைப் போன்ற இலைச்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தன. வெளியோரத்தில் இருந்த சுருளின் பக்கம் கிழிந்து, உள்ளே மஞ்சள் நிறப் பசையும், அதன்மேல் அரிசிக் குறுநொய் போன்ற ஒரு வெள்ளை முட்டையும் தெரிந்தன. மனம் பதறிப்போய்ச் சிம்பை இருந்த இடத்திலேயே பொருத்தி நூலால் கட்டிவிட்டேன்.

என் ஐயங்கள் இவை. இது உண்மையிலேயே தேனீதானா? வேறு ஒரு தேனீயையும் இதனுடன் நான் பார்த்ததில்லை. அந்த ஜன்னலுக்கு அருகில்தான் என் பேத்தி விளையாடுகிறாள், அவளைக் கொட்டுமா? அடுத்த மாதம் தச்சர் வந்து சட்டத்தை மாற்றப் போகிறார்; அதற்குள் குஞ்சுகள் வெளியேறிவிடுமா, இல்லையென்றால் கூட்டை அப்படியே வேறிடத்துக்கு மாற்ற வழி உண்டா? ரோஜாவுக்குக் கெடுதல் நேருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பூச்சியியல் ஆசிரியர் (கோவை) – பதில்

வணக்கம். நீங்கள் கண்டது இலைவெட்டித் தேனீயே. மெகாகைலி என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நம் மொழியில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று தேன் தரும் இனங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. தேன் தராதவற்றையோ பெரும்பாலும் 'வண்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களில் பெரும்பான்மையானவை, ராணியோ வேலைக்காரத் தேனீக்களோ இன்றி, ஒவ்வொரு பெண்ணும் தானே கூடு கட்டி, தானே உணவு சேர்த்து, தானே முட்டையிடும் தனித்தேனீக்கள். ஆகவே நீங்கள் ஒரே ஒரு தேனீயைப் பார்த்ததில் வியப்பில்லை. அந்தக் கூட்டுக்கு உரியவள் அவள் ஒருத்திதான்.

இலையை அவள் தின்பதில்லை. வேப்பெண்ணெய் பயன்படாமல் போனதும் அதனால்தான். வெட்டப்பட்ட இடங்களை உற்றுப் பாருங்கள், இரண்டு வடிவங்கள் தெரியும். நீள்வட்டத் துண்டுகள் அறையின் அடிக்கும் சுவருக்கும் உரியவை. முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. ஓர் அறைக்கு ஏறக்குறைய பதினைந்து துண்டுகள் தேவைப்படுகின்றன. அவற்றின் ஓரங்களை அவள் மென்று, கசியும் சாற்றையே பசையாகக் கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறாள். கிண்ணம் தயாரானதும் மகரந்தம் சேர்க்கத் தொடங்குகிறாள். அடுக்குத்தேனீ மகரந்தத்தைப் பின்னங்காலில் சுமக்கும். இவள் வயிற்றின் அடிப்புறத்து மயிர்களில் சுமக்கிறாள். துளைக்குத் திரும்பும்போது அடிவயிறு மஞ்சளாகத் தெரிவதை நீங்கள் காணலாம். மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து அறையில் நிரப்பி, அதன்மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடி, அந்த மூடியையே அடுத்த அறையின் அடித்தளமாகக் கொள்கிறாள். நீங்கள் கண்ட மஞ்சள் பசை, அந்தக் குழந்தை வளர்ந்து முடியும் வரைக்குமான மொத்த உணவு. அடைத்த பிறகு தாய் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளை வெளியே வரும்போது அவள் உயிரோடும் இருப்பதில்லை.

இந்தக் கூட்டில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைப்பது அறைகளின் வரிசை. தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். புணர்ச்சியின்போது பெற்ற விந்தை உடலுக்குள் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும் தாய், முட்டை வெளிவரும் நேரத்தில் அதைத் திறந்துவிட்டால் மகள், மூடிவைத்தால் மகன். இலைவெட்டித் தேனீ துளையின் ஆழத்தில் முதலில் கட்டும் அறைகளில் பெண் முட்டைகளையும், வாசலை ஒட்டிய கடைசி அறைகளில் ஆண் முட்டைகளையும் இடுகிறது. உருவில் பெரிய மகளுக்கு உணவும் கூடுதலாக வைக்கப்படுகிறது. உருவில் சிறிய ஆண்கள் விரைவில் வளர்ந்து முதலில் வெளியேறிவிடும்; பெண்கள் வரும்போது ஆண்கள் வெளியே காத்திருக்கும். வரிசை மாறியிருந்தால், பின்னால் முந்தி வளர்ந்த ஆணுக்கு முன்னே, இன்னும் கூட்டுப்புழுவாக இருக்கும் தங்கை வழியை அடைத்துக் கிடப்பாள். துளையின் நீளத்தை அளந்தே தாய் இந்தக் கணக்கைப் போடுகிறாள். ஆழம் குறைந்த துளையில் ஆண்களே மிகுதியாகப் பிறக்கும். நம்மில் பலர் கையளவு மூங்கில் துண்டுகளைக் கட்டித் 'தேனீ வீடு' என்று தொங்கவிடுகிறோம். பதினைந்து சென்டிமீட்டர் ஆழமாவது இல்லையென்றால் அந்த வீட்டில் மகள்கள் குறைவாகவே பிறப்பார்கள்.

இனி உங்கள் கேள்விகள். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. கூட்டத்தின் தேனைக் காக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பேத்தி பக்கத்திலேயே அமர்ந்து பார்க்கலாம். ரோஜா தளர்ந்துபோகாது, சில வாரங்களில் வெட்டு தானே நின்றுவிடும். ஊடுருவிப் பரவும் பூச்சிக்கொல்லியை மட்டும் தயவுசெய்து அந்தச் செடிகளுக்கு இட வேண்டாம். தாய் வாயால் மெல்லும் இலையும், புழு படுத்திருக்கும் தொட்டிலும் அதே இலைதான்.

வெப்பமான நம் பகுதிகளில் முட்டையிலிருந்து முதிர்ந்த தேனீ வர ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகலாம். தச்சர் வருகையைத் தள்ளிப்போட முடியாவிட்டால், இரண்டாவது துளையும் முழுதாக அடைபட்ட பின்பு, கூடு உள்ள சட்டப் பகுதியை மட்டும் துண்டாக அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். கிடைமட்டமாக, வாசல் கிழக்கு நோக்கியபடி, மழையும் பிற்பகல் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். அடைத்து முடிக்கும் முன்பு எக்காரணம் கொண்டும் நகர்த்தாதீர்கள். அறைகளைத் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டுகிறேன். ராணித்தேனீ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. இந்தத் தாயின் வாழ்நாள் முழுவதற்கும் சில பத்து முட்டைகளே உண்டு.

வரப்போரம் (ஒட்டன்சத்திரம்) – பதில்

ஆசிரியர் ஐயா துளைகளில் கட்டுபவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். தனித்தேனீக்களில் பெரும்பகுதி மண்ணில் கூடு கட்டுபவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் கத்தரியும் தக்காளியும் பயிரிடுபவன். எங்கள் கிணற்று மேட்டின் சரிவில், புல் முளைக்காத கெட்டித் தரையில், பென்சில் பருமனில் துளைகள் இருக்கும். பல ஆண்டுகள் அவற்றை எறும்புப் புற்று என்றே நினைத்து மண்வெட்டியால் இழுத்து மூடியிருக்கிறேன். பின்னர் ஒரு நாள், வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும் தேனீ ஒன்று அதிலிருந்து வெளியே வருவதைக் கண்டேன். அதே தேனீயைக் கத்தரிப் பூவில் பல முறை பார்த்திருக்கிறேன். அதன் வீடு என் காலடியில் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் வெளியே தூவிக் கிடப்பதில்லை. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக அது உதிர வேண்டுமானால் பூவைக் குலுக்க வேண்டும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகுகளை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது; அந்த 'ஙொய்' என்ற ஓசையோடு மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே கத்தரித் தோட்டத்துக்குத் தேனீப் பெட்டி வாங்கி வைப்பதைவிட, வரப்பில் துளை இருக்கும் இடத்தை விட்டுவைப்பது பயன் தரும் என்பது என் அனுபவம்.

மண்ணுக்குள் ஒரு தண்டுவழி இறங்கும். அதிலிருந்து பிரியும் கிளைகளின் நுனியில் அறைகள் இருக்கும். அறையின் உட்சுவரில் தாய் தன் உடலில் சுரக்கும் மெழுகு போன்ற பொருளைப் பூசுவதால், மண் ஈரமானாலும் உணவு கெடுவதில்லை. ஆழ உழுதால் அத்தனையும் போய்விடும். அதனால் கிணற்று மேட்டையும் கிழக்கு வரப்பையும் நான் இப்போது கொத்துவதில்லை, ஆடு கட்டுவதுமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டச்செட் என்னும் ஊரைச் சுற்றி, குதிரைமசால் விதை எடுக்கும் உழவர்கள் உவர்மண் தேனீக்களுக்கென்றே நிலத்தை ஒதுக்கி, அடியில் நீர் கசியவிட்டு, மேலே உப்பிட்டுப் பக்குவப்படுத்திப் பாதுகாக்கிறார்கள். உழவர்களே மண்துளைத் தேனீக்களுக்காக நிலம் ஒதுக்குகிறார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது.

மருந்து பற்றியும் ஒரு செய்தி. கனடாவின் ஒன்டாரியோவில், பூசணிப் பூவை நாடும் மண்தேனீக்களை வைத்துச் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வில், நடவின்போது இமிடாகுளோபிரிட் மண்ணில் ஊற்றப்பட்ட பயிரில் அத்தேனீக்கள் 85 சதவீதம் குறைவான கூடுகளையே அமைத்தன. நம் காய்கறிப் பயிர்களிலும் புழங்கும் மருந்து அது. பூக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது என்று மட்டுமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பவளைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஓட்டுவீடு (நாகர்கோவில்) – பதில்

எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கைமரங்களில் கருவண்டு துளையிடுவதை முன்னிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்தேன். நான் அறிந்தவரை அதுவும் தனித்தேனீயே. தச்சுத் தேனீ என்பார்கள். விரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளையைப் போட்டு, சற்று உள்ளே சென்றதும் மரத்தின் நாரோட்டத்தையொட்டித் திரும்பிச் சுரங்கம் போல நீட்டுகிறது. மரத்தை அது உண்பதில்லை. தூளை வெளியே தள்ளிவிட்டு, கொஞ்சத்தை எச்சிலோடு பிசைந்து அறைகளுக்கு இடைச்சுவர் வைக்கிறது. நெருங்கினால் முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது.

கொத்தனாரும் உறவினரும் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. உயிருள்ள கூடு காலியாகும் வரை காத்திருந்து, துளைகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, கைமரங்களுக்கு வண்ணம் பூசினேன். வண்ணம் பூசிய மரத்தை அவை அவ்வளவாக நாடுவதில்லை. அதோடு கொல்லையில் காய்ந்த முருங்கைக் கட்டைகளையும், பட்டுப்போன மூங்கிலையும் வெட்டாமல் விட்டேன். இப்போது மூங்கிலில்தான் குடியிருக்கின்றன.

சுவர் மூலையிலும் சுவிட்ச் பெட்டியின் பின்னாலும் மண்ணால் கட்டும் கூடுகளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் குளவியின் வேலை. புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று என் பாட்டி சொல்வார். ஓர் உடைந்த மண்கூட்டில் பார்த்தபோது அசையாமல் கிடந்த சிலந்திகள் இருந்தன. கொட்டி மயக்கப்பட்ட இரை அது. குளவிக் குஞ்சு அதைத் தின்று வளர்கிறது. மண்கூட்டைத் திறந்தால் சிலந்தியோ பச்சைப்புழுவோ இருக்கக் கண்டால் குளவி, மஞ்சள் மகரந்தம் இருந்தால் தேனீ.

மாடித்தோட்டம் (திருச்சி) – தொடர்ச்சி

மூவருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவு செய்ய ஏழு வாரங்கள் கழித்து வருகிறேன். தச்சரிடம் சொல்லிச் சட்டத்தின் அந்தப் பகுதியை ஒரு முழ நீளத்துக்கு அறுத்தெடுத்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு செங்கல்களின் மேல் வைத்தேன். நான் முதலில் கண்ட கூட்டில், முப்பத்தேழாம் நாள் காலையில் இலை மூடியில் ஒரு துளை விழுந்து சிறிய தேனீ ஒன்று எட்டிப் பார்த்தது. வெயில் ஏறும் வரை வாசலிலேயே இருந்துவிட்டுப் பறந்தது. இரண்டு நாட்களில் அதைப் போலவே மூன்று வெளியேறின. நான்கு நாட்கள் இடைவெளிக்குப் பின்பு பெரியவை மூன்று வந்தன. ஐயா சொன்ன அதே வரிசை. என் கையால் கிழிந்த அறை மட்டும் திறக்கவில்லை. அதில் பூசணம் பிடித்திருந்தது. அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சம். இரண்டாவது துளையிலிருந்து வந்த ஒன்று மற்றவற்றைப் போல இல்லை. வயிறு ஈட்டிமுனை போலக் கூராக முடிந்தது, அடிவயிற்றில் மயிரே இல்லை. அடுத்தது, தாய் கூடு கட்டிக்கொண்டிருந்த நாட்களில் நிகழ்ந்தது. பெருக்குவதற்காக ஜன்னலை ஒட்டியிருந்த காகிதப்பூத் தொட்டியை நான் இழுத்து வைத்தபோது, இலையோடு திரும்பி வந்த தேனீ துளையைக் காணாதது போலச் சுவரெங்கும் தேடிச் சுற்றியது. துளை இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டியைப் பழைய இடத்தில் வைத்ததும் நேராக உள்ளே சென்றுவிட்டது. இது ஏன்?

பூச்சியியல் ஆசிரியர் (கோவை) – பதில்

கூர்வயிறு கொண்டது கோயலியாக்சிஸ் என்னும் குயில்தேனீ. குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது போல, இலைவெட்டித் தாய் மகரந்தத்துக்காக வெளியே சென்றிருக்கும் நேரத்தில் இது நுழைந்து, அந்தக் கூர்முனையால் இலைச்சுவரைத் துளைத்தோ பசைக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடுகிறது. அதன் புழு அரிவாள் போன்ற தாடையோடு எழுந்து, வீட்டுக்குரிய முட்டையையோ புழுவையோ கொன்றுவிட்டு உணவை எடுத்துக்கொள்கிறது. தானே மகரந்தம் சேர்ப்பதில்லையாதலால் அடிவயிற்று மயிர் அதற்குத் தேவையில்லை. அதைக் கொல்ல வேண்டாம். இலைவெட்டிகள் ஓரளவு நிலையாக வாழும் இடத்தில்தான் இதுவும் வாழ முடியும். உங்கள் மாடி அத்தகைய இடமாகிவிட்டது என்று கொள்ளலாம். காலியான மரத்துண்டில் பூசணமும் உண்ணிகளும் தங்கியிருக்கும் என்பதால், அடுத்த முறைக்கு அதை வைக்காமல், ஒருபுறம் கணுவால் மூடிய, ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள புதிய மூங்கில் குழல்களைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றி உணவு பூசணம் பிடிக்கும்.

தொட்டியைப் பற்றி நீங்கள் கண்டது அருமையான அவதானம். கூடு தொடங்கும் தாய் முதன்முறை வெளியேறும்போது உடனே பறந்துவிடுவதில்லை. துளையை நோக்கி முகத்தைத் திருப்பி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து, சிறிது சிறிதாகப் பின்வாங்கிச் செல்கிறாள். சுற்றியுள்ள பொருட்களைக் கொண்டு இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும் பறப்பு அது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிவியலாளர் நிகோ டின்பெர்கன் 1930களில் நெதர்லாந்தின் மணற்பாங்கான நிலத்தில் ஒரு குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வளையமாக வைத்து, அது வேட்டைக்குச் சென்றபின் வளையத்தை மட்டும் சற்றுத் தள்ளி அமைத்தார். திரும்பி வந்த குளவி தன் வாசலை விட்டுவிட்டு வெறும் வளையத்தின் நடுவில் இறங்கித் தேடியது. உங்கள் தேனீக்கு அந்தக் காகிதப்பூத் தொட்டிதான் பைன் வளையம். ஆகவே மூங்கில் குழல்களை அசையாதபடி சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள். வாசல்கள் எல்லாம் அடைபடும் வரை, அருகிலுள்ள தொட்டிகளையும் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு பெருக்குங்கள்.